ஓடைக்கும் தங்கைக்கும் உள்ள உரிமை

என் அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தானே தலைவரானார். ஆறுகளுக்கும் மலைகளுக்கும் மனிதருக்கு உள்ளதுபோல் சட்ட உரிமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதைப் படித்ததிலிருந்து, காதுகுத்து வீட்டில்கூட அதையேதான் பேசினார்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று எங்கள் நிலத்தை ஒட்டிப் போகிறது. அதன் கரையில் சங்கத்தின் முதல் கூட்டம் நடந்தது. நான் வாழ்க்கைப்பட்ட அதியமான்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி நானும் போயிருந்தேன். ஓடைக்குப் பொன்னாடை போர்த்த முடியாததால் அண்ணனுக்குப் போர்த்தினார்கள்.

"இந்த ஓடை நம்ம கூடப் பொறந்தவ மாதிரிங்க. வாய் இல்லைங்கறதுக்காக அவ உரிமைய நாம எடுத்துக்கலாமாங்க?" என்று மைக்கில் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. நானும் அவர் கூடப் பிறந்தவள்தான்.

அடுத்த வாரமே போன் வந்தது.

"பாப்பா, வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துரும்மா. ஒரே ஒரு கையெழுத்துதான்."

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாமென்று மனமுவந்து விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. என் மனம் உவந்த செய்தி எனக்கு முன்பே பத்திர எழுத்தருக்குத் தெரிந்திருக்கிறது. படித்துப் பார்த்தேன். 'கிழக்கே ஓடை' என்று எல்லை போட்டிருந்தது.

"ஓடை எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு அளந்தாச்சுங்களாண்ணா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"அதுக்கும் உரிமை இருக்குன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. அது எல்லை தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பத்திர எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் துடைத்தார். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "சீரு, வளைகாப்புன்னு எதுலயாச்சும் கொற வெச்சமா?" என்றார். குறை வைக்கவில்லைதான். ஓடைக்கும் வருடா வருடம் சூடம் கொளுத்துவார்கள். கொளுத்திய பிறகு பூவையும் பாலிதீன் பையையும் அதிலேயே போடுவார்கள்.

கையெழுத்துப் போடாமல் ஊர் திரும்பி, நிலத்தை அளக்க மனுக் கொடுத்தேன். ஓடைக்காக நான் போராடியதாக யாராவது நினைத்தால் அது தவறு. என் பங்கைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓடையை முன்னால் நிறுத்திவிட்டு அதன் பின்னால் நின்றுகொண்டேன்.

சர்வேயர் வரைபடத்தோடு வந்து அளந்தார். ஓடையில் பாதி எங்கள் நிலத்துக்குள் இருந்தது. அதில் அண்ணன் நட்ட குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இடுப்புயரம் வளர்ந்து நின்றது.

"இது ஓடைப் புறம்போக்குங்க சார். இதுல கெழங்கு போட்டிருக்கீங்களே."

"சும்மாதானங்க கெடந்துச்சு. அது வந்து கேட்டுச்சா?" என்றார் சங்கத் தலைவர்.

நோட்டீஸ் வந்தது. அண்ணனே ஆள் வைத்துக் கிழங்கைப் பிடுங்கினார். இனி எதற்காவது மனுக் கொடுப்பேன் என்று பயந்தோ என்னவோ, பாகப்பிரிவினைக்கு ஒத்துக்கொண்டு, ஓடையை ஒட்டிய, கல்லும் முள்ளுமான கரட்டுத் துண்டை எனக்கு ஒதுக்கினார். "அவளுக்குத்தான் ஓடை மேல அவ்ளோ பாசமாச்சே" என்றாராம். அத்தோடு எங்களுக்குள் பேச்சும் நின்றது. சங்கம் மட்டும் நிற்கவில்லை. உரிமைக்கும் ஓர் அளவு வேண்டும் என்று இப்போது கூட்டங்களில் பேசுகிறார்.

போன ஐப்பசி மழையில் ஓடை நிறைந்து வந்து என் வரப்பை அரித்துப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே மண்மூட்டை அடுக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். "ஓடைக்குள்ள கொஞ்சம் தள்ளி அடுக்கிரலாமுங்களா?" என்று வந்தவர் கேட்டார். நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். சர்வேயர் யாரும் இல்லை.