முன்னால் ஆட்டிய கிலுகிலுப்பை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடி அண்ணாமலையில் பால்வாடி டீச்சராக இருப்பவளுக்கு அது இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பது என் கட்சி. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற சத்து மாத்திரை அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கும். கேட்டால் "சாப்ட்டுட்டேன் டீச்சர்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். குழந்தைக்குக் கொடுத்த சத்துமாவில் வீட்டுக்காரருக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்க என்னால் முடியாது. திட்டுவேன். திட்டி முடித்ததும் அவர்கள் குழந்தையைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். அதனால்தான் இத்தனை வருஷமாக யாரும் என்னைத் திருப்பித் திட்டவில்லை என்று நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போடுவோம். தராசுத் தொட்டிலில் உட்கார வைத்ததும் சில குழந்தைகள் உலகமே முடிந்ததுபோல அழும். சில குழந்தைகள் ஊஞ்சல் என்று நினைத்து இன்னும் ஆட்டச் சொல்லும். எடையோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, நாலு மாதத்தில் தலை நிற்கிறதா, எட்டு மாதத்தில் புது ஆளைக் கண்டால் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறதா என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்துவிட்டு டிக் போட வேண்டும்.

அதில் ஆறாம் மாதத்துக் கட்டம் ஒன்று: சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்புகிறதா என்று பார்ப்பது. அம்மாவின் மடியில் குழந்தையை உட்கார வைத்து, அதற்குத் தெரியாமல் பின்பக்கம் போய், காதுக்கு ஒரு முழம் தள்ளி கிலுகிலுப்பையை ஆட்டுவேன். முன்னால் ஆட்டினால் குழந்தை கையைப் பார்த்துத் திரும்பிவிடும். "கண்ணுக்குக் காட்டக் கூடாதும்மா, காதுக்குத்தான் காட்டணும்" என்று எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை தூக்கத்தில் இருந்தாலோ சிணுங்கினாலோ டிக் போடாமல் மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போவேன். இதில் நான் கறாரான ஆள்.

கல்யாணமாகி ஏழாவது வருஷம்தான் என் வயிற்றில் ஒன்று தங்கியது. ஊரில் இருக்கிற குழந்தைகளையெல்லாம் தூக்கி எடை போட்டுவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போன ஏழு வருஷம் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஐந்தாம் மாதம் தாண்டினால் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கும், அதோடு பேசுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வந்தவள், அப்போது என் வயிற்றோடு பேச ஆரம்பித்தேன். தாலாட்டெல்லாம் எனக்கு வராது. இன்றைக்கு யார் வரவில்லை, யார் முட்டையில் மஞ்சள் கருவை விட்டுவிட்டுத் தின்றான், எந்த அம்மா பொய் சொன்னாள் என்று அன்றாடக் கணக்கைத்தான் சொல்வேன். வளைகாப்பில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அந்தச் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும் என்பது வழக்கம். பால்வாடிப் பதிவேடு எழுதும்போது வேண்டுமென்றே கையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

பிரசவம் செங்கம் பக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, குழந்தையின் காதைப் பரிசோதிக்க ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பச்சை உடம்போடு பஸ் ஏற வேண்டாம், மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மூன்றாம் மாதம் வந்தது, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், அந்தப் பேச்சை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் அவள் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல இருக்கிறது. முன்னால் என் வீட்டுக்காரரின் டீக்கடை. பௌர்ணமி வந்துவிட்டால் மத்தியானத்திலிருந்தே கூட்டம். தள்ளுவண்டிக்காரர்களின் ஒலிபெருக்கி, ஆட்டோ ஹாரன், சங்கு ஊதிக்கொண்டு போகிறவர்கள், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் போலீஸ் மைக். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகூடக் கத்தித்தான் பேச வேண்டும். என் மகள் மட்டும் ஏணையில் அசையாமல் தூங்குவாள்.

"ஐயோ, எவ்ளோ சமத்து!" என்று வந்தவர்கள் அதிசயப்படுவார்கள்.

"பாதையில வளர்ற புள்ளைங்க. இந்தச் சத்தமெல்லாம் அதுக்குப் பழக்கமாயிடுச்சு" என்பார் என் வீட்டுக்காரர், டீ ஆற்றிக்கொண்டே. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. இந்தப் பாதையோரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். பௌர்ணமிச் சத்தத்தில் தூங்கும் பிள்ளை என்றால் எங்களுக்குத் தனி மதிப்பு.

இன்னொரு பெருமையும் இருந்தது. பால் குடிக்கும்போது நான் பேசினால் தன் சின்னக் கையை என் தொண்டைமேல் வைத்துக்கொள்வாள். பேச்சை நிறுத்தினால் கையை எடுத்துவிடுவாள். மறுபடி பேசினால் மறுபடி வைப்பாள். அம்மாமேல் அவ்வளவு பாசம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் மாதம் அவளுடைய அட்டையை நானே எடுத்து நிரப்பினேன். என் அட்டை, என் பேனா, என் பிள்ளை. வீட்டில் அவளைப் பாயில் உட்கார வைத்துத் தலையணை முட்டுக்கொடுத்து, கிலுகிலுப்பையை எடுத்தேன். பின்னால் போகவில்லை. அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து ஆட்டினேன். சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். டிக் போட்டேன். ஏன் பின்னால் போகவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்குள் எங்கேயோ பயம் இருந்திருக்கிறது. திரும்பாமல் போய்விடுவாளோ என்று பயந்தவள்தான் அப்படி எதிரே போய் உட்காருவாள்.

பத்தாம் மாதம். அவளையும் என்னோடு பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும். சமையல் செய்யும் அக்கா பெரிய அலுமினிய மூடியைக் கைதவறிச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டாள். கட்டடமே அதிர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பின. இரண்டு அழத் தொடங்கின. என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தரையில் சிதறிய பொரியை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த விரல் பிடிப்புக்கும் அட்டையில் ஒரு கட்டம் உண்டு. அழகாகப் பிடித்தாள். திரும்பவில்லை.

அப்போது சத்துமாவு வாங்க ஓர் அம்மா வந்து நின்றிருந்தாள். பையன் எடை ஏறவில்லை என்று நான் மாதாமாதம் திட்டும் பெண். அவள் பையனும் என் மகள் வயதுதான். அவள் இடுப்பில் இருந்தபடி வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். அவள் என் மகளையே பார்த்தாள்.

"டீச்சர், பாப்பா திரும்பவே இல்லையே" என்றாள்.

"அதுக்கு இன்னா இப்ப? எங்க வூடு கிரிவலப் பாதையில இருக்குது. அதுக்குச் சத்தம்லாம் ஜாஸ்தி பழக்கம். நீ மொதல்ல உம் புள்ள எடையப் பாரு."

அவள் கோபப்படவில்லை. பையனைத் தட்டிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"நானும் அதே பாதையிலதாங்க டீச்சர் இருக்கறேன்."

எனக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. மாவுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேனா, மேசைமேல் வைத்தேனா என்றுகூட நினைவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, மகளுக்குப் பின்னால் போய் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். தட்டைத் தட்டினேன். அவளைக் கூப்பிட்டேன். நாங்கள் ஏழு வருஷம் காத்திருந்து வைத்த பெயரை, அந்தப் பின்னந்தலையைப் பார்த்துக் கத்தினேன். கடையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவருடைய நிழல் பாயில் விழுந்ததும்தான் அவள் திரும்பினாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் என் கையிலிருந்த கிலுகிலுப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு தடவை பார்த்தார்கள். பிறவியிலிருந்தே கேட்கும் திறன் மிகவும் கம்மி என்று, காது பரிசோதிக்கும் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். வயதில் என்னைவிடச் சின்னவள். மிஷின் போட்டால் நிறையக் கேட்கும், பேச்சும் வரும், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றாள். அந்தச் சீக்கிரம் என்ற சொல் என்னைக் கொன்றது.

"வயித்துல இருக்கறப்போ நான் அவ்ளோ பேசினேனேம்மா. அதெல்லாம் கேட்டிருக்காதா?" என்று அவளிடம் கேட்டேன். ஏன் அதைப் போய்க் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு எதையும் விட அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவள் பொய் சொல்லவில்லை. "கேட்டிருக்காதுங்க" என்றாள். பிறகு, என் மடியிலிருந்த மகளைக் காட்டினாள். பேசிக்கொண்டிருந்த என் தொண்டைமேல் மகளின் கை இருந்தது. "நீங்க பேசறீங்கன்னு அவளுக்குத் தெரியுது பாருங்க. அதிர்றதை வச்சுத் தெரிஞ்சிக்கறா."

அங்கேயே அழுதேன். பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது என் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. நான் கட்டத்தைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என் தொண்டையில் கை வைத்து என்னைக் கேட்க முயன்றிருக்கிறாள்.

அதன்பிறகு மிஷினுக்காக வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாக நடந்தோம். கடையை மூடிவிட்டு அவரும் வருவார். பதினாலாம் மாதம் இரண்டு காதிலும் மிஷின் மாட்டினார்கள். உடனே திரும்பிப் பார்த்து அம்மா என்பாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. பிடுங்கி எறிந்தாள். மாட்டினேன், எறிந்தாள். ஒன்று டீ வடிகட்டும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் விழ, இவர் உயிரே போனதுபோலப் பாய்ந்து எடுத்தார்.

பத்து நாள் கழித்துப் பௌர்ணமி. சாயங்காலம் வெயில் இறங்கும் நேரம், மிஷினோடு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை முன்னால் நின்றிருந்தேன். யாரோ எங்களைத் தாண்டிப் போகும்போது சங்கை எடுத்து ஊதினார். மகளின் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வாய் கோணியது, ஓவென்று அழுதாள். சங்கு ஊதியவர் பதறிப்போய் நின்றுவிட்டார்.

"தெரியாம ஊதிட்டேம்மா, குழந்தை பயந்துடுச்சு. மன்னிச்சிக்கோங்க."

"இன்னொரு தபா ஊதுங்க சாமி" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பின்னால் டீ பாய்லர் அருகே நின்று என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் தூங்கவே இல்லை. சத்தம், சத்தம் என்று எங்கள் இரண்டு பேர் தோளிலும் மாறி மாறி அழுதாள். அவ்வளவு சந்தோஷமான பௌர்ணமி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பேச்சு லேசில் வரவில்லை. எட்டு மாதத்துப் பிள்ளை எழுப்பும் மழலையை அவள் ஒன்றரை வயதில் எழுப்பினாள். ஒவ்வொரு சாமானையும் காட்டி, அவள் கையை என் தொண்டையில் வைத்து, நூறு தடவை சொல்வேன். இரண்டு வயது நெருங்கும்போது முதல் வார்த்தை வந்தது. அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. "போ." கொல்லையில் துணி காயும் கயிற்றில் தொங்கிய குரங்கைப் பார்த்துக் கையை ஓங்கிச் சொன்னாள். நாள் முழுக்க நான் குரங்கை விரட்டும் குரல் அப்படியே. என் நீள வாய்க்கு வாரிசு வந்துவிட்டாள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இவர் சொன்னார்.

அந்தச் சத்துமாவு அம்மாவிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்குப் போயி எதுக்கு டீச்சர்?" என்று வெட்கப்பட்டாள். அவள் பையனுக்கும் என் மகளுக்கும் இப்போது நாலு வயது. அவன் எடை ஏறியிருக்கிறது. என் மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் தோளைத் தொடுவான், அவள் தன் பக்கம் முகத்தைத் திருப்பியதும் பேசுவான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அட்டையில் இதற்குக் கட்டம் கிடையாது.

என் மகளின் பழைய அட்டையை நான் திருத்தவில்லை. ஆறாம் மாதத்து டிக் அப்படியே இருக்கிறது. பெருமை பேசும் தாய் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவேன். திட்டுவது மட்டும் இப்போது கொஞ்சம் கம்மி.

போன வாரம் ஆறு மாதக் குழந்தை ஒன்றுக்குப் பரிசோதனை. அதன் அம்மாவைத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் கிலுகிலுப்பையை ஆட்டினேன். மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் வெடுக்கென்று திரும்பினாள். அவளைப் பார்த்துக் குழந்தையும் திரும்பியது. இந்த டிக் செல்லாது. மறுபடி ஆட்டினேன். மறுபடியும் அவள்தான் முதலில் திரும்பினாள்.

"நீ இங்க இருந்தா வேலைக்கு ஆவாது. வெளிய போயி அந்த வேப்ப மரத்துக்கிட்ட நில்லுடி" என்று விரட்டினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். குழந்தை அம்மாவின் தாலிக் கயிற்றில் விளையாடிக்கொண்டிருந்தது. பின்னால் போய் மெதுவாக ஆட்டினேன். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

வெளியே மரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

"அம்மா, எனக்கும் கேட்டுச்சு!"