ஐந்து மணிக்கு அடிக்கும் கடிகாரம்

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுதான் கடிதக்காரரின் ராஜ்ஜியம். மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகத்துக்குள் நுழைய ஒரே ஒரு சந்து இருந்தது: விண்ணப்பத்தோடு வைக்கும் ஒரு பக்கக் கடிதம். 'உங்கள் மதிப்பெண் சொல்லாததைச் சொல்லுங்கள்' என்று படிவம் கேட்கும். பாவம், பிள்ளைகள் தங்களைத் தாங்களே நாலு வரி புகழ்ந்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். அப்புறம் இவரிடம் வருவார்கள்.

எல்லோரிடமும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "உங்க வீட்ல யாருக்கும் பயன்படாத, ஆனா தூக்கிப் போட மனசு வராத பொருள் எது?" ஒருத்தி தையல் மெஷினைச் சொல்வாள், ஒருவன் உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சொல்வான். அதிலிருந்து நூல் பிடித்து அரை மணியில் கடிதத்தை முடித்துவிடுவார். பொய்யாக ஒரு சொல் சேர்க்கமாட்டார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று ஒரு மாணவன் வந்தான். "அப்படி எதுவும் இல்ல சார். பழசானா அம்மா உடனே மாத்திடுவாங்க" என்றான். இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

கடிதக்காரரின் மூத்த மகள் காய்ச்சலில் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. படிப்பதற்காக அவள் ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் சின்னவள் அந்தக் கடிகாரத்துக்கு இன்னமும் தினம் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அது அடித்து ஓயும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரியவளைப் பற்றி எங்காவது எழுதிவிட வேண்டும் என்று அவருக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. எழுதிவிட்டார். அழுதுகொண்டே, ஒன்றுவிடாமல். கடிதத்தில் அவளை மட்டும் அந்த மாணவனுக்கு அக்காவாகக் கொடுத்துவிட்டார்.

அவனுக்கு இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அலாரம் அடிக்கும்போதெல்லாம், யாரோ எழுந்து வந்து கதவோரம் நிற்பதுபோல அவருக்கு உடம்பு சிலிர்க்கும். திரும்பிப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொள்வார்.

இந்த வருஷம் சின்னவளின் முறை. அக்கா இறந்த வருஷத்தில் சறுக்கிய மதிப்பெண் அப்புறம் ஏறவே இல்லை. "கடிதம் நானே எழுதிக்கிறேன்ப்பா. நீங்க பாக்கவும் கூடாது" என்றாள். எதை எழுதுவாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டாமா? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேள்வி கேட்கிறவர், பெற்ற பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேர்காணலுக்குக் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இதே கடிகாரமும் அக்காவும் ரெண்டு வருஷம் முன்னாடியே வேற ஒருத்தர் கடிதத்துல வந்திருச்சாம்ப்பா. எங்கேருந்து காப்பி அடிச்சேன்னு கேக்குறாங்க. அவ யாரோட அக்கான்னு கேக்குறாங்க."

மகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார். நேர்காணல் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எழுதிக் கொடுக்கிறதுதான் உங்க தொழில்னு நீங்களே சொல்றீங்க. இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நாங்க எப்படி நம்புறது?"

அவர் வெளியே வந்தார். கதவு திறந்தே இருந்திருக்கிறது. சின்னவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் ஐந்து ஆயிற்று. கடிகாரம் அடிக்கவில்லை. அவர் விழித்தபடியே படுத்திருந்தார். ஒன்றும் அறியாத மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னடி, இன்னிக்கு மணி அடிக்கலையே? சாவி குடுக்கலையா?"

"அது நம்மளுது இல்லம்மா" என்றாள் சின்னவள். "அப்பா குடுத்துட்டாரு."