பழக்கடை டியூப்லைட்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ட்ரைபாடில் கேமராவை நிறுத்தியிருக்கிறேன். விளக்கு போட்ட கடைத்தெருவை இருட்டாக, மிதமாக, வெளிச்சமாக மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தால்தான் எல்லாம் தெளிவாக விழும். மூன்றும் எடுத்து முடியும்வரை தெருவில் ஒரு விளக்குகூட மாறக்கூடாது.

முதல் படம் கேமரா திரையில் விழுந்ததும், வேடிக்கை பார்க்க வந்த பழக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

"இருட்டா இருக்குதுங்களே." தன் கடைக்கு ஓடிப்போய் இன்னொரு டியூப்லைட்டைப் போடுகிறார். மூன்றாவது படம் வெளுத்து வந்ததும் அணைத்துவிடுகிறார். மறுபடி முதலிலிருந்து எடுத்தால் மறுபடி ஓடுகிறார்.

"அண்ணா, வேணும்னுதான் அப்படி எடுக்கறேன். சும்மா இருங்களேன்."

"பரவாயில்லைங்க, இதுல என்ன சிரமம்."

பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பில் சேர்க்கிறேன். தெருவே பளிச்சென்றிருக்கிறது, அவர் கடை மட்டும் திட்டுத்திட்டாக இருக்கிறது. தோளுக்கு மேலாகப் பார்க்கிறார்.

"நம்ம கடை சரியா விழலைங்க. இன்னொருக்கா எடுங்க, லைட்ட நான் பாத்துக்கறேன்."