நயினார் வரும்வரை ஒரு பாட்டு

போனில் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கோ போனில் ஆளைக் காக்க வைப்பதற்குச் சம்பளம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, அறுபதுகளில், செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், சேர்ந்தேன். முதலாளி நயினார், மேல்சித்தாமூர்க்காரர், எந்நேரமும் பின்பக்கம் களத்தில்தான் இருப்பார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டு, அவர் கைகால் கழுவி வந்து சேர்வதற்குள், எதிர்முனையில் இருப்பவர் என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார். எங்கேயாவது போன் மேஜையில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும்.

மேஜைமேல் வைத்த ரிசீவர்

முதல் மாதம் ரிசீவரை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுப் போவேன். அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் திண்டிவனத்து எண்ணெய் வியாபாரி கூப்பிட்டார். நான் களத்துக்குப் போன நேரத்தில் எங்கள் கணக்கப்பிள்ளை, எடை போடுகிறவரிடம், "யாரு, திண்டிவனமா? இன்னா கஞ்சன் தெரியுமா அந்தாளு! சாம்பிளுன்னு அள்ற மல்லாட்டையிலயே ஊட்டுக்குச் சட்னி அரைச்சிடுவான்" என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் மூச்சிரைக்க வந்து, "ஒரு நிமிஷம் சார், முதலாளி வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. நிதானமாகச் சொன்னார்:

"மெதுவாவே வரட்டும்மா. சட்னி அரைக்கிறவன் காத்துக்கிட்டு இருக்கான்னு மட்டும் சொல்லு."

அனந்தபுரத்துத் தாம்பாளம்

அந்த வாரமே நயினார் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி என் மேஜையில் வைத்தார். "ஸ்டெல்லா, இனிமே ரிசீவரை இதுக்குப் பக்கத்துல வச்சிட்டு வா. நம்மாளுங்க பேசறது வெளிய போவக்கூடாது. இன்னா பாட்டு வைக்கணுங்கறது உன் பொறுப்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜகிரி மலைப் பக்கம் திருப்பி வைத்தால் கரகரப்பில்லாமல் எடுத்தது. மறுநாள் காலையில் நாகஸ்வரம் வந்தது. மங்களகரமாக இருக்கட்டுமே என்று அதையே வைத்தேன்.

அனந்தபுரம் வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். நயினாரை அழைத்துக்கொண்டு வருவதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார். கோபித்துக்கொண்டாரோ என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மனைவியோடு வந்து இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பழம், வெற்றிலை, ஒரு பட்டு ரவிக்கைத் துண்டு. நயினாருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தது. மேளச் சத்தம் கேட்டதும் கல்யாணம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

நான் டிரான்சிஸ்டரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தாம்பாளத்தை நயினார் பக்கம் நகர்த்தினார்:

"கொண்டாந்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா நல்லா இருக்காது. நீங்க சீக்கிரமா ஒரு மாப்பிள்ளையைப் பாத்துடுங்க!"

பனமலைக்காரரும் மருமகளும்

நாகஸ்வரத்தை அத்தோடு விட்டேன். சினிமாப் பாட்டு வைத்தால் இளவட்டங்களுக்குச் சந்தோஷம். பக்திப் பாட்டு வைத்தால் பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் இளகி வந்தார்கள். நயினாருக்கு அதில் தனிப் பிரியம்.

ஒரு மத்தியானம் பாட்டே கிடைக்கவில்லை. ஏதோ ரேடியோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரோடு சண்டை போட்ட மருமகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். பனமலையிலிருந்து ஒரு பெரிய விவசாயி, மல்லாட்டை வண்டியை இன்றைக்கு ஓட்டலாமா என்று கேட்கக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் நாடகத்தையே வைத்துவிட்டு ஓடினேன். நயினார் வந்து ரிசீவரை எடுத்து, டிரான்சிஸ்டரைத் தள்ளி வைத்து, "சொல்லுங்க" என்றார். பதில் எனக்கே கேட்டது:

"செத்த இருங்க நயினாரே! அந்தப் பொண்ணு வண்டி ஏறிட்டாளா இல்லையான்னு தெரிஞ்சிக்கிட்டு உங்ககிட்ட பேசறேன்."

பாட்டரி தீர்ந்த சாயங்காலம்

எங்களிடம் அதிகம் வாங்குகிறவர் சென்னையில் ஒரு மில்காரர். பொறுமை என்பதே கிடையாது. "இன்னொரு வாட்டி காக்க வச்சீங்கன்னா வேற மண்டிக்குப் போயிடுவேன்" என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார். களம் முழுக்கச் சரக்கு; மேகம் வேறு கறுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, எக்ஸ்சேஞ்ச் மூலமாக, மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டணமென்று ஏறுகிற அவருடைய டிரங்க் கால் வந்தது. நயினார் சமணர், இருட்டினால் சாப்பிட மாட்டார்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தால் முடிக்காமல் இலையை விட்டு எழ மாட்டார். "முதலாளி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு சார்" என்று சொல்லிவிட்டு டிரான்சிஸ்டரைத் திருகினேன். பேச்சு மூச்சு இல்லை. பாட்டரி தீர்ந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் பாடுகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாதா பாட்டை ரிசீவரிலேயே ஆரம்பித்துவிட்டேன். கணக்கப்பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு சரணம் முடிந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார், வேலை போச்சு என்று நானும் நிறுத்தினேன்.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்றது மில்காரரின் குரல். "நயினார் நிதானமா ரசம் ஊத்திச் சாப்பிடட்டும். நீ அடுத்த சரணம் பாடு."

நயினார் ஈரக்கையோடு வந்து பேசினார். களத்தில் இருந்த சரக்கு முழுவதையும் அந்த மனுஷர் அப்படியே எடுத்துக்கொண்டார். போனை வைத்த உடனே மறுபடி மணி அடித்தது. எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடுகிற அம்மாள்:

"மூணு நிமிஷம் ஆயிடுச்சுன்னு சொல்லத்தான் அப்ப லைனுல வந்தேன். பாட்டு நடுவுல அதை எப்பிடிம்மா சொல்றது?"

ஏழு வருஷம் விதவிதமாகப் பாட்டு வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காத்திருக்கிறவருக்குப் பிடித்த பாட்டைக் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் காத்திருக்க வேண்டியவர் முதலாளி.