இரண்டாவது பூச்சு

புளித்த சோற்றுக் கஞ்சியின் வாடை எந்தக் கொல்லையிலிருந்து வந்தாலும் என் விரல் நுனியில் ஈரக் காகிதம் நெளிகிறது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடத்து மழைக்காலம். வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த என் சிநேகிதன், சைகோனில் இருந்த அண்ணனிடம் போகக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டான். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் மலிவாக வாங்கிய பாட்டரி ரேடியோ அவன் வீட்டில் இருந்தது. தான் போனபின் அம்மா அதில் கப்பல் சேதி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அவன் கவலை. ஒலிபெருக்கியோ மட்டம். அதன் காகிதக் கூம்பு ஈரத்தில் தளர்ந்து, சொற்களைக் கூழாக்கியது. ரேடியோவோடு வந்த, காதில் மாட்டும் கருவியை அம்மா ஒரே தரம் மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தார்.

"எவனோ காதுக்குள்ள மூச்சு வுடுறான்பா. எனக்கு வேணாம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டிக்குள் இலவம்பஞ்சு அடைத்தேன். அதிர்வு அடங்கியது, கூழ் அப்படியே. கஞ்சி போட்டால் வேட்டி விறைக்கிறது, காகிதம் விறைக்காதா? மெல்லிய கஞ்சியைக் கூம்பில் பூசி வெயிலில் காயவைத்தேன். அன்று மாலைச் செய்தி சொல் சொல்லாக நின்றது.

"கப்பல் கரை சேந்துதுன்னான். கேட்டுச்சு," என்றார் அம்மா.

சிநேகிதன் என் முதுகில் தட்டினான். "இத்தோட உட்டுட்றா."

விட்டிருக்கலாம். இன்னும் ஒரு சின்னக் கரகரப்பு. எனக்கு மட்டும் கேட்ட கரகரப்பு. மறுநாள் கெட்டியாக இன்னொரு பூச்சு. மழை பிடித்துக்கொண்டதால், கடையில் சர்க்கரை மூட்டைகளுக்குப் பின்னால் காயவைத்துவிட்டுப் போனேன். விடிந்து பார்த்தால் கரப்பான்கள் கூம்பைச் சல்லடையாக்கியிருந்தன.

"இன்னாடா, கரப்பானுக்குப் பந்தி வச்சிருக்க," என்றான். சிரிக்கவில்லை. கப்பல் மறுநாள்.

புதுச்சேரி முழுக்க அலைந்தேன். வேறு கூம்பு கிடைக்கவில்லை. கடல்பாலத்தில், கப்பலுக்குப் போகும் படகில் இறங்கும் முன் அவனே பேசினான்.

"காதுல மாட்டுறது நல்லாத்தான கீது? தெனம் சாயங்காலம் வூட்டுக்கு வந்து நீ மாட்டிக்க. கேக்கக் கேக்க அம்மாகிட்ட வாயால சொல்லு."

"சரிடா."

"கப்பல் முழுகிடுச்சின்னு சொன்னான்னா, எந்தக் கப்பல்னு தெரியிற வரைக்கும் பாட்டரி தீந்துடுச்சின்னுடு."