மோட்டைக்கு எத்தனை அரசாங்கம்?

இந்த வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பத்தி எழுத உட்கார்ந்தால் எழும்பி யன்னலடிக்குப் போகிறேன். மழை பெய்கிறதா என்று பார்க்கிறேன். பெய்தால் பயம். விட்டால், திரும்ப எப்போது தொடங்கும் என்ற யோசனை. மன்னார்த் தோட்டவெளி ஊரில் ஒரு கறிவேப்பிலை மரத்துக்கு மட்டும் சொந்தக்காரியான எனக்கு மழையால் என்ன வந்தது?

எனக்கு ஒன்றுமில்லை. மீனாட்சியக்காவுக்குத்தான் வந்தது.

மீனாட்சியக்கா பாப்பாமோட்டைப் பக்கத்தில் இருக்கிறார். மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்து, ஆயுளில் பாதியை ஊரார் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டே கழித்தவர். மன்னார்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்க வந்தபோது எனக்குப் பழக்கமானார். விலை பேசிச் சண்டை பிடித்துத்தான் சிநேகிதமானோம். இன்றைக்கும் பாதிச் சண்டைதான்.

இந்தப் போகம்தான் அவர் முதன்முதலாகத் தன் சொந்தத் துண்டில் விதைத்தது. நெல், கதிர் உள்ளே கருக்கட்டுகிற குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது. "இந்த வருசம் கடை அரிசி இல்ல தங்கச்சி, நம்ம அரிசிதான்" என்று சந்திக்கிற நேரமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

"தங்கச்சி, மோட்டைக் கட்டுல ஓட்டை விழுந்திருச்சு. தண்ணி நம்ம வயலுக்குள்ளதான் எறங்குது. இன்னொரு மழைக்குத் தாங்காது."

கரையோர வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னக் குளத்தை இங்கே மோட்டை என்பார்கள். மீனாட்சியக்கா சொன்ன பனிச்சமோட்டையும் அப்படிச் சின்னதாக இருந்ததுதான். பிறகு கட்டு என்கிற மண்கரையை உயர்த்தி, தண்ணீர் திறக்கத் துருசு வைத்து, பெயர்ப்பலகையில் 'பனிச்சமோட்டைக் குளம்' என்று எழுதினார்கள். ஆனால் ஊர்வாயில் அது இன்னும் மோட்டைதான். "எங்க போறிய?" என்றால் "மோட்டைக்கு" என்பார்கள். பலகையைப் பார்த்துக்கொண்டா ஆட்கள் கதைக்கிறார்கள்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குளத்தடிக்குப் போகிற பாதை... அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஸ்கூட்டியைப் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். கட்டில் உள்ள ஓட்டைக்குள் என் கை முழங்கை வரை போனது. கீழே மீனாட்சியக்காவின் வயல். பச்சைப்பசேல் என்று, ஒன்றும் தெரியாமல் நின்றது.

ஸ்கூட்டியை மீனாட்சியக்கா வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஏறி முதல் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அது மாகாணத்துக்குக் கீழே வருவது. உத்தியோகத்தர் இளம் பிள்ளை, நல்ல மரியாதை. கதிரை தந்தார், தண்ணீர் தந்தார். என்ன விசயம் என்று கேட்டார்.

"எங்க மோட்டை ஒடையப் போவுதுங்க சார்" என்றார் மீனாட்சியக்கா.

"மோட்டையோ?" அவர் பேனையை மூடி வைத்தார். "அம்மா, நாங்கள் பாக்கிறது குளங்கள். மோட்டை மாதிரிச் சின்னதுகள் எல்லாம் மற்றக் கந்தோர்."

"தம்பி, அது குளம்தான். ஊரில சொல்லுறதுதான் மோட்டை எண்டு" என்றேன் நான்.

"மிஸ், அதை நீங்கள் இப்ப சொல்லுறீங்கள். அவ முதல்ல மோட்டை எண்டுதானே சொன்னவ?"

கேட்டீர்களா? கொலைக் கேஸில் சாட்சியை மடக்குவதுபோல மடக்குகிறார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. மீனாட்சியக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

மற்றக் கந்தோர் கொழும்புக்குக் கீழே வருவது. அங்கே இருந்தவர் வயதானவர், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மீனாட்சியக்கா முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதல் கந்தோரில் வாங்கிய பாடம் அவருக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சொன்னார்.

"எங்க குளம்ங்க ஐயா. பனிச்சமோட்டைக் குளம்."

"குளமெண்டால் மாகாணமெல்லோ" என்றார் ஐயா. "எங்களிட்ட இருக்கிறது சின்ன மோட்டையளும் வாய்க்காலும்தான். பிழையான இடத்துக்கு வந்திட்டீங்கள்."

நான் தலையில் கை வைத்தேன். அங்கே குளம் என்று சொல்லியிருக்க வேண்டும், இங்கே மோட்டை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் உண்மையைச் சொல்லித் தோற்ற ஒரே மனுசி மீனாட்சியக்காவாகத்தான் இருக்கும்.

வெளியே வந்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன். என் மச்சாள் சட்டத்தரணி. அரசியலமைப்பு என்றால் சோறு தண்ணீர் இல்லாமல் கதைப்பாள்.

"கேளன் மச்சாள்," என்று தொடங்கினாள். "பதின்மூன்றாவது திருத்தத்தில மூண்டு நிரல் இருக்கு. ஒண்டு மாகாணத்துக்கு, ஒண்டு மத்திக்கு, மற்றது ரெண்டு பேருக்கும் பொது. நீர்ப்பாசனம் மாகாணத்துக்குத்தான். ஆனா ஒரு மாகாணத்தைத் தாண்டி ஓடுற ஆறெண்டால் மத்திக்கு. உங்கட குளத்துக்குத் தண்ணி எங்கயிருந்து வருது?"

"மழைத்தண்ணி வருது. வாய்க்காலால அருவியாத்துத் தண்ணியும் வருது."

"அப்ப சிக்கல்தான். மழைத்தண்ணி மாகாணம். அருவியாறு வேற மாகாணத்தில, அனுராதபுரத்துப் பக்கத்தால வாறது, அது மத்தி."

"ஓட்டையால போறது எந்தத் தண்ணி மச்சாள்?"

போனில் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "நல்ல கேள்வி. வழக்குப் போட்டால் நல்லா வாதாடலாம்."

வாதாடலாம். தீர்ப்பும் நல்லதாக வரலாம். ஆனால் குடலைப் பருவத்து நெல் தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்கு வந்து நிற்குமா?

சரி, மாகாண சபையிடமே முறையிடுவோம் என்றால், சபையில் ஆள் இல்லை. தேர்தல் நடக்காமல் வருசக்கணக்காகிவிட்டது. கட்டடம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, அலுமாரி இருக்கிறது. ஆளுநர் இருக்கிறார், அவரையும் கொழும்புதான் அனுப்புகிறது. எங்கள் வாக்கைக் கேட்டு வந்து, எங்கள் ஏச்சையும் வாங்கிக்கொண்டு போக ஒரு மனிதர் இல்லை. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம்தான் கதவைத் தட்டுவது?

அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்று நாங்கள் இத்தனை காலம் கேட்டோம். நானும் இந்தப் பத்தியில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது ஒன்று விளங்கியது. எங்களுக்குப் பகிர்ந்து கிடைத்தது கைவிரிப்பு. முன்பு ஒருவர் கையை விரித்தார், இப்போது இரண்டு பேர் விரிக்கிறார்கள்.

"என்னக்கா செய்வம்?" என்று கேட்டேன்.

மீனாட்சியக்கா வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. "பஸ்ஸு வருது, ஏறுங்க" என்றார்.

புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. நான் போனபோது ஊரே கட்டில் நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லையாம், தண்ணீர்ச் சத்தம் கேட்டு வந்தார்களாம். வெறும் உரப்பைகளில் களிமண்ணை நிரப்பி, ஆளுக்கு ஆள் கைமாற்றி, ஓட்டைக்குள் இறக்கினார்கள். நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். இந்தப் பத்திக்காரியால் முடிந்தது அவ்வளவுதான். மீனாட்சியக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, பைகளைக் காலால் மிதித்து இறுக்கினார். ஒரு நேரம் முழுக் கட்டும் அசைந்ததுபோல இருந்தது. எனக்கு மாதாவைத் தவிர வேறு ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மத்தியானத்தோடு ஓட்டை அடங்கியது. வயலின் கீழ்க்கரையில் கொஞ்சம் நெல் சாய்ந்திருந்தது. மிச்சமெல்லாம் நின்றது. மீனாட்சியக்கா வரம்பில் குந்தியிருந்து அழுதார். நானும் அழுதேன். மழையில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன், தெரிந்துதான் இருந்ததாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை, மீனாட்சியக்கா வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜீப் ஒன்று வந்தது. மாகாணத்து இளம் பிள்ளை இறங்கினார். அதன் பின்னாலேயே இன்னொரு ஜீப். அதிலிருந்து கண்ணாடி ஐயா. யாரோ கட்டில் வேலை நடப்பதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் கட்டுக்குப் போனோம்.

"ஆரின்ர அனுமதியில கட்டில கை வச்சனீங்கள்?" என்றார் இளம் பிள்ளை. "இது மாகாணத்தின்ர குளம். அனுமதியில்லாமல் மண் போடுறது குற்றம்."

"பொறும் தம்பி," என்றார் ஐயா. "இது எங்கட மோட்டை. விசாரிக்கிறதெண்டால் நாங்கள்தான் விசாரிக்க வேணும்."

"பலகையைப் பாருங்கோ சேர், குளம் எண்டெல்லோ கிடக்கு."

"பேரிலயே மோட்டை எண்டு கிடக்குத் தம்பி."

நான் வாயைத் திறக்கப் போனேன். என் வாய் திறந்தால் இலேசில் மூடாது என்று மீனாட்சியக்காவுக்குத் தெரியும். கையைக் காட்டி மறித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"குத்தம்னா குத்தந்தாங்க ஐயா. போட்ட மண்ண இப்பவே எடுத்துடறோம்" என்றார், குரலை உயர்த்தாமல். "எடுக்கிறதுக்கு யாருகிட்ட அனுமதி கேக்கணும்? அத மட்டும் ரெண்டு பேருமா சேந்து சொல்லிருங்க."

இளம் பிள்ளை ஐயாவைப் பார்த்தார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளம் நிறையத் தண்ணீர் நின்றது. "மேலிடத்தில கதைச்சுப் போட்டுச் சொல்லுறம்" என்று இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகச் சொன்னார்கள். மத்தியும் மாகாணமும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண் இன்னும் கட்டில்தான் இருக்கிறது. நெல் கதிர் தள்ளத் தொடங்கிவிட்டதாக நேற்றுப் போன் வந்தது. ஆனாலும் இன்றைக்குத் திரும்ப இருட்டிக்கொண்டு வருகிறது, உரப்பை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதுதான் யன்னலடிக்கும் மேசைக்குமாக நடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை திரும்பிப் போகும்போது இரண்டு ஜீப்பும் அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்து நின்றன — பாதை யாருடையது என்று நான் கேட்கவில்லை.