கோவிந்தன் அத்தானின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து நியூசிலாந்தில் எங்கள் வீட்டு போன் ஓய்வதில்லை. யாராவது ஒரு சொந்தக்காரர் விசா பற்றிக் கேட்டு அழைப்பார். அன்றும் அப்படித்தான் என்று நினைத்து, "விசா ஆபீஸ் இன்னைக்கு லீவு" என்றேன். மறுமுனையில் என் அக்கா. "அவர் போயிட்டார்டி" என்றாள்.

அக்கா வீட்டுக்காரர் கோவிந்தன் அத்தானை, இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். ஃபிஜியில் லவுடோக்கா பக்கம் கரும்பு வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு வெட்டுக் கூட்டமும் ஓர் ஆளை நிறுத்தி, உறை போடாத வெறுங்கையால் பந்தயச் சண்டை நடத்தும். நம் ஆட்களில் முதலில் இறங்கியவர் அவர்தான். தோல் கெட்டிப்படுவதற்காகக் கையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார். "என்ன அத்தான், ஊறுகாயா?" என்பேன். "முதல்ல உன் வாயை இதுல ஊறப்போடணும், கழுதை" என்பார். கல்யாணத்தன்று வீங்கிய விரல் மடங்காமல், தாலியின் மூன்று முடிச்சையும் அவர் தங்கைதான் போட்டாள். நான் மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.

ஆக்லாந்து வந்த பிறகும் அவர் விடவில்லை. அங்கே ஒடாஹுஹு பகுதியில் மரக்கிடங்குக்குப் பின்னால் சனிக்கிழமை மத்தியானம் சண்டை. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசியாக எதிரே நின்றவர் சியோனே என்ற சமோவாக்காரர், அத்தானோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒரு கட்டத்தில் சியோனேயின் கை தாழ்ந்துவிட்டது. அத்தான் நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஒருவராவது போதும் என்று சொல்லியிருக்கலாம். "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்தினோம். என் குரல்தான் பெரிய குரல், கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் குத்தில் சியோனேவுக்கு ஒரு கண் போனது.

அதன்பிறகு அத்தான் யார் மேலும் கை ஓங்கவில்லை. சில வருடத்தில் சர்க்கரை வியாதியால் சியோனேயின் மற்ற கண்ணும் போனது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அத்தான்தான் அவரைக் காரில் சர்ச்சுக்குக் கூட்டிப்போனார். ஆராதனை முடியும்வரை வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"ரெண்டாவது கண்ணு சர்க்கரையில போச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தான்?" என்றேன் ஒருநாள்.

"முதல் கண்ணு இருந்திருந்தா அதை வச்சு நடந்திருப்பான்ல?" என்றார்.

கத்தியது நீங்கள்தானே என்று அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நாமும் ஒருநாளும் அந்தக் காரில் ஏறியதில்லை. "என்ன அத்தான், மதம் மாறியாச்சா?" என்று சீண்டியதோடு என் பங்கு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழமை சியோனேவை யாரு கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டார்.

"நீங்கதான். சும்மா படுத்துக்கிட்டு நடிக்காதீங்க."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கூட்டிப்போகிறேன் அத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு எனக்குப் படிப்பா வேண்டும்?

போன ஞாயிறு அக்காவிடம் கார் சாவி வாங்கிக்கொண்டு போனேன். வருவேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் சியோனே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கையைப் பிடித்து ஏற்றினேன். கொஞ்ச தூரம் போனதும், "கோவிந்தன் உன்னைவிட நல்லா ஓட்டுவான்" என்றார் இங்கிலீஷில். ஆராதனை முடியும்வரை நானும் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அத்தானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைத்தான். அன்று என்னோடு கத்தியவர்களும் இதைப் படிப்பீர்கள். காரில் பின் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.